டேஷ்போர்டு கூசுகிறதா? பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்

கே: பழைய கார், சந்தன நிற டேஷ்போர்டு. மதிய வெயிலில் அது முன் கண்ணாடியில் அப்படியே தெரிகிறது. மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாமா?

ப: வாட்டர் வாஷ் கொடுக்கும்போது டேஷ்போர்டுக்குப் பாலிஷும் போடுகிறார்களா? அப்படியானால் பாதிக் கூச்சம் அந்த சிலிகான் பளபளப்பால்தான். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். கண்ணாடியின் உட்புறத்தையும் விடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் கக்கும் ஆவி அங்கே படலமாகப் படிந்து, வெயில் பட்டதும் வெளுப்பாகத் தெரியும். அப்புறமும் கூசினால் கறுப்புத் துணி விரிப்பு போடுங்கள். நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். மேல்பக்கம் முழுவதையும் வண்டியில் வைத்தே அடிப்பதை நான் சொல்லமாட்டேன்.

கே: ஏர்பேக் மூடிக்கும் சேர்த்து அடிக்கலாமா?

ப: கூடாது. விரிப்பும் அந்த இடத்தை மூடக்கூடாது.

கே: கியரைச் சுற்றியுள்ள பியானோ பிளாக் (பளபளக்கும் கறுப்பு) பட்டை கண்ணில் அடிக்கிறது. நானே பெயின்ட் செய்யலாமா?

ப: தாராளமாக. ஆனால் கழற்றி வெளியே எடுத்துத்தான். பின்பக்கம் எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பார்கள். 'பிபி' (PP, பாலிபுரொப்பிலீன்) வகை என்றால் அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் பெயின்ட் உரிந்துவிடும். 'ஏபிஎஸ்' (ABS) பிளாஸ்டிக் அவ்வளவு படுத்தாது. முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, மறுபடி துடையுங்கள். சிலிகான் துளி இருந்தாலும் பெயின்ட் விலகிக் குழி விழும். நான் முதலில் அடித்த பட்டை அம்மைத் தழும்பு மாதிரி வந்தது. ஸ்ப்ரேயை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேர இடைவெளி. மழை நாளில் வேண்டாம், ஈரக்காற்றில் வெளுத்துவிடும். சொரசொரப்பான பாகமென்றால் உப்புத்தாள் அந்தச் சொரசொரப்பையே அழித்துவிடும். சாம்பல் நிற நார்ப்பட்டை (ஸ்காட்ச்-பிரைட் மாதிரித் தேய்ப்பான்) போதும்.

கே: ஏசி வென்ட்டின் குரோம் வளையம்?

ப: குரோம் மேல் பெயின்ட் பிடிப்பது கஷ்டம். மேட் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

கே: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் போதாதா?

ப: பகலில் நிறையக் குறையும், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். சில வண்டிகளில் மீட்டர் திரையும் கறுத்துத் தெரியும். கடையில் போட்டுப் பார்ப்பதோடு நிற்காமல், வண்டியில் உட்கார்ந்தும் பார்த்து வாங்குங்கள்.