செக் இன்ஜின் லைட் எரிகிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார்களைப் பற்றியவை. கம்பெனி பெயரையும் மாடல் பெயரையும் எடுத்துவிட்டேன். இந்தக் கோளாறுகள் வண்டிக்கு வயதானால் எந்தக் கம்பெனி காரிலும் இதே மாதிரிதான் வரும்.

கேள்வி: 2008 மாடல் கார். செக் இன்ஜின் லைட் எரிந்ததால் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், பி0171 என்று கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. ஆக்சிஜன் சென்சர் (புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்ப்பது) போய்விட்டது என்று புதிது மாட்டினார்கள். கொஞ்ச நாளில் லைட் திரும்பவும் எரிகிறது. மேட்டில் இழுவை இல்லை. இப்போது ஈசிஎம்மையே (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா? (ஈரோடு வாசகர்)

வேண்டாம், அந்தப் பணத்தைக் கொஞ்சம் கையிலேயே வைத்திருங்கள். பி0171 வந்தால், இன்ஜினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது, ஈசிஎம் தன்னால் முடிந்த அளவு கூட்டிக் கொடுத்தும் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே உங்கள் பழைய ஆக்சிஜன் சென்சராக இருக்கலாம். நல்ல சென்சர் சூடானபிறகு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றும் முன் யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இணையத்தில் பி0171 என்று தேடினால் வருகிற வீடியோக்கள் எல்லாம் எங்கேயோ காற்று லீக், வேக்குவம் ஹோஸைப் பாருங்கள் என்றுதான் ஆரம்பிக்கும். அவற்றில் பல, உள்ளே போகிற காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சர் உள்ள வண்டிகளுக்குச் சொல்லப்பட்டவை. நம் ஊர்ச் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருப்பது மேப் சென்சர், அது இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) உள்ள அழுத்தத்தைப் பார்க்கிறது. இந்த வண்டியில் ஹோஸ் கிழிந்து காற்று உள்ளே போனால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், ஈசிஎம் அதற்குத் தகுந்தபடி பெட்ரோலையும் கூட்டிவிடும், அதனால் கலவை அவ்வளவாகக் கெடாது, ஐடிலிங்தான் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) 1,200, 1,500 ஆர்பிஎம் என்று ஏறி நிற்கும். உங்களுக்கு ஐடிலிங் ஏறியதாக எழுதவில்லை, மேட்டில் இழுவை இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதைப் படித்ததும் பெட்ரோல் சப்ளை மேல்தான் சந்தேகம் வருகிறது.

அதை உறுதிப்படுத்திக்கொள்ள ஸ்கேனரில் கோடை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் லைவ் டேட்டாவுக்குப் போகச் சொல்லுங்கள். ஃபியூயல் ட்ரிம் என்று இரண்டு எண் இருக்கும், ஈசிஎம் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு அது. இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ப்ளஸ்ஸோ மைனஸோ பரவாயில்லை. ஐடிலிங்கில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒருமுறை, ஒரு மேட்டில் ஏற்றிக்கொண்டே ஒருமுறை பாருங்கள் (ஓட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர்). ஐடிலிங்கில் அதிகமாக இருந்து வேகம் கூடக்கூடக் குறைந்தால் காற்று லீக். லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை.

பெட்ரோல் போதவில்லை என்று தெரிந்தாலும் உடனே பம்ப்பை வாங்கிவிடாதீர்கள். முதலில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள், இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலும் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரத்தில் இருக்கும், சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் கிடைக்கும். பிரஷர் குறைவாக இருந்தால் அடுத்து பம்ப்பின் கப்ளரில் (ஒயர் மாட்டும் இணைப்பு) வோல்ட் அளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்கிறது, பம்ப்பில் 11.5தான் வருகிறது என்றால் மீதி 2.5 வோல்ட்டை வழியில் ஏதோ ஒன்று தின்கிறது: ரிலேயின் கருகிய பாயின்ட், தளர்ந்த பின், துரு ஏறிய எர்த் (பேட்டரியின் நெகட்டிவ்வை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு). அந்த நிலையில் புதுப் பம்ப் போட்டாலும் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பழைய வண்டியில் யாரும் தொடாத இடம் அதுதான். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், அதன் கிளாம்ப்பில் அல்ல, ஈயத் தண்டிலேயே வையுங்கள். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்துங்கள். இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பாருங்கள், பேட்டரி தட்டுக்குக் கீழே போல்ட் உட்காரும் இடத்தில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும், ஒயரின் ரப்பரைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிரும். சென்சர்கள் 5 வோல்ட்டில் வேலை செய்பவை. திராட்டில் சென்சர் மூடியபோது அரை வோல்ட்டுக்குப் பக்கத்திலும் முழுதாகத் திறந்தபோது நாலரை வோல்ட்டுக்குப் பக்கத்திலும் கொடுக்கும். எர்த்தில் அரை வோல்ட் தொங்கினால் ஈசிஎம்முக்கு வருகிற கணக்கு எல்லாமே தப்பாகிவிடும், அப்புறம் எந்த சென்சர் பெயரில் வேண்டுமானாலும் கோடு வரும்.

இன்னொன்று, ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் குழாய்) விரிசலோ கேஸ்கெட் லீக்கோ இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு இதே கோடு வரும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் நின்றுவிட்டால் அங்கே பாருங்கள். இத்தனையும் பார்த்து முடித்து, ஈசிஎம்முக்கு வருகிற சப்ளையும் எர்த்தும் சரியாக இருக்கிறது என்று அளந்த பிறகும் கோளாறு இருந்தால் மட்டும் ஈசிஎம் பேச்சை எடுக்கட்டும்.

கேள்வி: டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓடியதும் கார் சட்டென்று ஆஃப் ஆகிவிடுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஸ்கேனரில் கோடே இல்லை. கைக்குழந்தையோடு போகிறேன், பயமாக இருக்கிறது. (சென்னை வாசகி)

முதலில் ஒரு விஷயம், இது சரியாகும் வரை மேம்பாலம், ஹைவே பக்கம் அந்த வண்டியில் போகாதீர்கள் அம்மா. ஆஃப் ஆனதும் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கட்டையாகிவிடும்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிற வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் சென்சர் (இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்வது). அது உள்ளே மெல்லிய கம்பி சுற்றிய காயிலாக இருக்கும் வண்டிகளில், சூட்டில் கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். சிக்னல் வராதபோது சில ஈசிஎம்கள் இன்ஜின் சுற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும், அதனால்தான் கோடு பதிவாகாமல் போகிறது. அடுத்து சந்தேகப்பட வேண்டியவை மெயின் ரிலே, ஃபியூயல் பம்ப், இக்னிஷன் காயில்.

வண்டி ஆறிய பிறகு மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. நின்ற அந்த இடத்திலேயே, ஓரமாகத் தள்ளி ஹசார்ட் போட்டுவிட்டு, மூன்றைக் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்குக் கீழே பம்ப் இரண்டு மூன்று விநாடி உறுமுகிறதா? செக் இன்ஜின் லைட் ஆனில் எரிகிறதா? ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது அசைகிறதா? லைட் எரியவே இல்லை என்றால் ஈசிஎம்முக்குக் கரன்ட் போகவில்லை, மெயின் ரிலேயையும் பியூஸையும் பார்க்க வேண்டும். பம்ப் உறுமுகிறது, ஆனால் முள் அசையவில்லை என்றால் கிராங்க் சென்சர் பக்கம்தான் (முள் இல்லாத மீட்டர் என்றால் இந்த வழி உதவாது). ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் என்றால் ஸ்டார்ட் அடிக்கும்போது லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் வருகிறதா என்று பார்ப்பார். சென்சர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அவர் அதன் மேல் ஈரத்துணி வைத்து ஆறவிட்டதும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கட்டும், ஆனால் அதை நீங்கள் செய்ய வேண்டாம், பக்கத்தில் சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். 2003 மாடல் காரில் அந்த 16 பின் சாக்கெட்டில் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஆப் கனெக்ட் ஆகவில்லை. டூப்ளிகேட்டா? (மதுரை வாசகர்)

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், ஆனால் அசலாக இருந்தாலும் கனெக்ட் ஆகாமல் போக வாய்ப்பு அதிகம். சாக்கெட்டின் வடிவம் ஒன்றாக இருப்பதால் பேசும் முறையும் ஒன்று என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லா கார்களும் ஒரே பொதுமுறையில் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001ல் வந்தது. நம் நாட்டில் பிஎஸ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு 2010 ஏப்ரலில் ஓபிடி 1, 2013 ஏப்ரலில் ஓபிடி 2 என்றுதான் கட்டாயமானது (ஓபிடி என்பது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு). அதற்கு முந்தைய வண்டிகளில் பல கம்பெனிகள் தங்கள் சொந்த முறையை வைத்துக்கொண்டன. உங்களுக்கு வேண்டியது அந்தக் கம்பெனியின் பழைய மாடல்களைப் படிக்கும் ஸ்கேனர், அது பல வண்டி பார்க்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். சில பழைய வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட பின்னை எர்த் செய்தால் செக் இன்ஜின் லைட்டே கண்சிமிட்டிக் கோடு சொல்லும். ஆனால் எந்தப் பின் என்பதை சர்வீஸ் புத்தகத்தில் பார்க்காமல் ஒயரை வைத்து நோண்டாதீர்கள், தப்பான பின்னில் 12 வோல்ட் இருந்தால் பியூஸோ ஈசிஎம்மோ போய்விடும்.

கேள்வி: மைலேஜ் படுமோசம், பிளக் எல்லாம் கரி, சைலன்சரில் கறுப்புப் புகை. இன்ஜெக்டர் கிளீன் செய்தும் மாறவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு) இருக்கிறதா? சூடாகாமல் இருக்கட்டும் என்று அதைக் கழற்றி எறிகிற பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் இருக்கிறது, கார்புரேட்டர் காலத்தோடு அது போயிருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹைவேயில் ஓடினால் கூலன்ட் 80 டிகிரியைத் தொடவே தொடாமல் போகலாம், இன்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

அது இருக்கிறது என்றால் கூலன்ட் சென்சரைப் பாருங்கள். கப்ளரைக் கழற்றி ஓம் அளந்தால் பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றி வரும். சூடான இன்ஜினிலும் ஆயிரத்துக்கு மேலேயே நின்றால் சென்சர்தான் காரணம், தாராளமாக மாற்றுங்கள். கப்ளரைத் திரும்ப மாட்டும்போது சாவி ஆஃபில் இருக்கட்டும்.

கேள்வி: பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடுகிறதே, அப்படியே ஓட்டலாமா? (கோவை வாசகர்)

கூடாது. லைட்டோடு சேர்ந்து பதிவான கோடும், ஈசிஎம் கற்றுவைத்த ஃபியூயல் ட்ரிம்மும் அழிந்துவிடும், அடுத்து பார்க்கிற மெக்கானிக் இருட்டில் தடவ வேண்டியதுதான். முதலில் கோடைப் படித்து எழுதிவையுங்கள். ஓடும்போது லைட் விட்டுவிட்டு மின்னுகிறது, கூடவே மிஸ்ஸிங்கும் இருக்கிறது என்றால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பகுதி) போய் அதை உருக்கிவிடும், ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள்.