எம்.ஐ.ஏ. என்கிற லண்டன் தமிழ்ப் பாடகியின் பாட்டைக் கேட்டு ராப் எழுத வந்தவள் நான். 20 வருஷப் பழைய ஆளைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று கூட்டுக்காரிகள் சொல்கிறார்கள். அவரிடமிருந்து எனக்கு இனி என்ன கிடைக்கும்? (தக்கலையிலிருந்து ஒருவர் கேட்டது)

பழைய ஆள் என்கிற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே மக்ளே. அவருடைய ‘அருளர்’ ஆல்பம் 2005இல் வந்தது, ‘கலா’ ஆல்பம் 2007இல். ஒன்று அப்பாவின் இயக்கப் பெயர், மற்றது அம்மா பெயர். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம்தான் எம்.ஐ.ஏ.; அவர் அந்தப் பெயர்களை வெள்ளைக்காரர் வாய்க்குத் தோதாக மாற்றாமல் அட்டையில் போட்டார்.

அவர் பாடுவது ராப்பே இல்லை, டான்ஸ்ஹால் என்கிற ஜமைக்கா ஆட்டப்பாட்டு என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர் பிற்காலத்தில் பேசிய எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவும் இல்லை. அவர் பாட்டுக் கட்டிய விதம் உனக்கு இன்னும் 20 வருஷத்துக்குக் காணும். அதைத்தான் சொல்கிறேன்.

நீ இப்போது அநேகமாக யூடியூபில் இலவச பீட் (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாளம்) ஒன்றை இறக்கி, சென்னைத் தமிழில் எழுதி, அவருடைய இழுவையில் பாடிப் பார்க்கிறாய். அந்த இழுவையை விட்டுவிடு. அவர் தொடங்கியது ரோலண்ட் எம்.சி.505 என்கிற ஒற்றைத் தாளப் பெட்டியோடு. டிரம்மும் பேஸும் அதிலேயே அடித்து, பழைய 4 டிராக் டேப்பில் பதிந்தார். இன்று உன் போனில் இருக்கும் இலவச ஆப் அதைவிட அதிகம் செய்யும். ‘கலா’வுக்கு அமெரிக்க விசா கிடைக்காமல் போனபோது சென்னைக்கு வந்து உறுமி பதிந்தார். அதிலுள்ள ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் முதலிலிருந்தே அதுதான் அதிரும். நம் குமரி மாவட்டத்தில் சிங்காரி மேளத்துச் செண்டை இருக்கிறது, வில்லுப்பாட்டுக்காரர்களின் குடம் இருக்கிறது. அனுமதி கேட்டு, 2 நிமிடம் பதிந்து, 4 அடிக்குச் சரியாக வெட்டிச் சுழலவிடு. வெட்டும் இடம் அடி விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் இருக்க வேண்டும். அடி விழுந்தபின் வெட்டினால் முதல் அடியின் மொட்டு போய், தாளம் நொண்டும்.

‘கலா’விலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டின் பல்லவியைக் கவனித்துக் கேள். வரி பாதியில் நிற்கும். மீதியைத் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் முடித்து வைக்கும். மொழி தெரியாதவர்களும் கூடவே கைதட்டுவது அதனால்தான். அந்தப் பாட்டின் ஒரு வரியை வெட்டி எடுத்து அமெரிக்க ராப்பர்கள் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நால்வரும் தனிப் பாட்டே கட்டினார்கள். 2009 கிராமி மேடையில் அவர்களோடு நிறைமாத வயிற்றோடு அவர் நின்றார். உன் பல்லவியில் கண்டக்டர் விசில் ஒரு சொல்லின் இடத்தில் நிற்கட்டும், குளச்சல் ஏலக்காரரின் கூவல் இன்னொன்றின் இடத்தில்.

இனி வரிக் கணக்கு. 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 அடி) பீட்டில் 16 பார் (ஒரு பார் 4 அடி) என்பது ஏறக்குறைய 43 விநாடி. ஒரு பாரில் 16 கட்டம். பதினாறையும் நிரப்பினால் மூன்றாவது வரியில் மூச்சு முட்டும். 12, 13 அசைக்கு மேல் போகாதே. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ 6 கட்டத்தைத் தின்னும், ‘போறேன்’ இரண்டோடு முடியும். வீட்டில் பேசும் பேச்சில் எழுத இதுவே போதுமான காரணம். எல்லா வரியையும் ‘-றேன்’ என்று முடிப்பது தமிழ் ராப்பில் பெரிய சோம்பேறித்தனம். வினைமுற்று தானாகவே ஒத்துவிடும், கேட்பவர் காது அதை எண்ணாது. எதுகையைப் பிடி. இரண்டாம் எழுத்து ஒரே மாதிரி வரும் சொற்களைப் பாரின் முதல் தாள அடியிலும் நாலாம் தாள அடியிலும் வை. ‘கட்டு’, ‘கொட்டு’, ‘முட்டு’ மாதிரி ஒற்று இரட்டிக்கும் சொல் டிரம்மோடு சேர்ந்து விழும்.

பதியும்போது வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். மைக்கைச் சற்று ஓரமாகத் திருப்பி வை, இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் டுப்பென்று இடிக்கும். கான்கிரீட் அறை எதிரொலிக்கும். பின்னால் கம்பளி தொங்கவிடு, அல்லது துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்குள் பார்த்துப் பாடு. ஆப்பில் காட்டும் ஒலி அளவின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டிக் கிழிந்த குரலை எந்த ஆப்பாலும் தைக்க முடியாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் வெளியில் பதிவதானால் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் போகாதே, காற்று தின்றுவிடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா மேடைகளில் சவுண்ட் செட் வைப்பவர்கள் ஆண் குரலுக்கு வைத்த அளவிலேயே பெண் பிள்ளைகளையும் பாட விடுகிறார்கள். பிறகு ‘பாப்பா குரல் எடுபடல’ என்கிறார்கள். எவ்வளவு பிள்ளைகள் அந்த ஒரு பேச்சோடு நிறுத்தியிருக்கிறார்கள்! நீயே கேட்டு வாங்கு: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 300 பக்கம் கொஞ்சம் குறை, 3,000 பக்கம் கொஞ்சம் ஏற்று. சவுண்ட் செட்காரர் முகம் சுளித்தாலும் ஒரு வரி பாடிப் பார்த்த பிறகே இறங்கு.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிப் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பார். அதில் அடிபேஸ் வராது. பீட் காணாமல் போனால், பேஸ் விழும் இடத்திலேயே குடத்தின் ‘டொங்’கையும் சேர்த்துப் போடு.