அன்பான கடவுளுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

"கடவுள் அன்பானவர் என்கிறீர்கள், அவருக்குப் பயப்படு என்றும் சொல்கிறீர்கள். கிறிஸ்தவர்கள் சொல்லும் தேவபயம் என்பதுதான் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால் சின்ன வயதில் உங்களை யாரோ நன்றாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இல்லையென்றால் மன்னியுங்கள். எனக்கு அது நடந்தது, அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் கல்லூரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருகிற ஆள். வசனத்தை வளைக்கிறேன் என்று சண்டைக்கு வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒருநாள் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, குழாய் சொட்டுகிறது, ஆளைக் காணோம். அதற்கு முந்தைய ஞாயிறுதான் ஓய்வுநாள் பள்ளியில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு திடீரென்று வந்து தம்மை நம்புகிறவர்களை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று, சொல்லியிருந்தார்கள். இயேசு வந்து எல்லாரையும் எடுத்துக்கொண்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். காரணமும் தெரிந்திருந்தது: அன்று காலையில் தம்பியின் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்திருந்தேன். அம்மா கொல்லைப்புறத்தில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் ஓவென்று அழுதேன். அழுது முடித்து அந்தப் பேனாவை என்ன செய்தேன் தெரியுமா? தம்பியிடம் கொடுக்கவில்லை. பையில் இருந்ததை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டேன்.

அந்தப் பயத்தால் வந்த பலன் அவ்வளவுதான். ஆதாமும் இதையேதான் செய்தான். "பயந்து, ஒளித்துக்கொண்டேன்" என்கிறான், ஆதியாகமம் 3:10. பைபிளில் கடவுளுக்குப் பயந்ததாக வரும் முதல் மனுஷனே மரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறான்.

ஆனால் பயம் எல்லாம் ஒன்றல்ல. யாத்திராகமம் 20:20ஐ எடுத்துப் பாருங்கள். சீனாய் மலை புகைகிறது, இடி முழங்குகிறது, ஜனங்கள் தூரத்தில் நின்று நடுங்குகிறார்கள். மோசே அவர்களைப் பயப்படாதிருங்கள் என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன்னால் இருக்கவே அவர் எழுந்தருளினார் என்கிறார். ஒரே வசனத்தில் பயம் வேண்டாம் என்றும் இருக்கிறது, பயம் வேண்டும் என்றும் இருக்கிறது. மூல எபிரெயத்தில் இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். திகிலிலிருந்து பயபக்தி வரை அத்தனையும் அதற்குள் அடக்கம். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று 1 யோவான் 4:18 சொல்வது முதல் வகையை. அந்த வசனம் தண்டனையை நினைத்து வரும் வேதனையைத்தான் பேசுகிறது. ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன், யோவானின் அந்த நிருபத்துக்கு விளக்கம் சொல்லும்போது இரண்டு மனைவிகளைக் காட்டுகிறார். ஒருத்தி கணவன் எங்கே வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள், மற்றவள் எங்கே விட்டுப் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். கணவனைக் கடவுளுக்கு ஒப்பிடலாமா என்று பின்னூட்டத்தில் வராதீர்கள், உதாரணம் என்னுடையது இல்லை.

இதெல்லாம் எனக்கு மண்டையில் ஏறியது புத்தகத்தால் அல்ல. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சொல்கிறேன்.

என் பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. கடிதமோ பத்திரமோ எது வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். பேனா முனையைக் கோட்டின்மேல் வைத்துக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவார். சில வருடங்களுக்கு முன் குடும்ப வீடு சம்பந்தமாக ஓர் ஒப்புதல் கடிதம் தயாரானது. அதன் ஐந்தாவது பத்தியில், தன் ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் அவர் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி. அதைச் சேர்க்கச் சொன்னது நான் இல்லை. ஆனால் லாபம் எனக்கும்தான்.

நான்காவது பத்தியை வாசித்துவிட்டு ஆறாவதுக்குப் போனேன்.

கேட்டுக்கொண்டே மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அவ்வளவுதானா தம்பி?" என்றார். "அவ்வளவுதான் பெரியம்மா." பேனாவுக்காகக் கையை நீட்டினார். முனையைக் கோட்டின்மேல் வைத்துக் கொடுத்தேன்.

மூன்று நாள் அந்தக் காகிதம் என் மேசையில் கிடந்தது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை. வண்டி சறுக்கவில்லை. தூக்கமும் நன்றாகவே வந்தது. சின்ன வயதில் எந்தத் தண்டனையை எதிர்பார்த்துப் பழகியிருந்தேனோ அது வரவே இல்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால்தான் சிக்கல். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பிக்கும்போதே அந்த "எங்கள்" தொண்டையில் நின்றுவிடும். அந்த எங்களில் பெரியம்மாவும் இருக்கிறாரே. லேவியராகமம் 19:14 கேட்டிருப்பீர்கள்: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கல்லை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." அங்கே ஏன் அந்தக் கடைசிப் பகுதி என்று அதுவரை நான் யோசித்ததில்லை. குருடனுக்குக் கல்லை வைத்தது யார் என்று தெரியப்போவதில்லை, செவிடனுக்கு வசவு காதில் விழப்போவதில்லை. மனுஷனுக்குப் பயப்பட வழியே இல்லாத இடத்தில்தான் அந்த வசனம் போய் நிற்கிறது.

நான்காம் நாள் போனேன். விட்ட பத்தியை வாசித்தேன். பெரியம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "கிழிச்சுப் போடு" என்றார். கிழித்தேன். தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். "நேத்து வந்துச்சு. என்னன்னு வாசி."

அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது. திட்டியிருந்தால் நடுங்கியிருக்காது, அடுத்த கடிதத்தை வேறு யாரிடமாவது கொடுத்திருந்தாலும் நடுங்கியிருக்காது. சங்கீதம் 130:4ஐ அதற்கு முன் எத்தனையோ முறை பாடியிருக்கிறேன்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, ஆகையால் பயப்படு என்று இருந்தால் யாருக்கும் புரியும். மன்னிப்பு உண்டு, ஆகையால் பயப்படு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அப்படியானால் நரகம் பொய்யா என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள் என்பது இயேசுவின் வார்த்தை, மத்தேயு 10:28. அங்கேயே புத்தகத்தை மூடிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மூன்று வசனம் தள்ளி, அடைக்கலான் குருவிகளைக் காட்டிவிட்டு, பயப்படாதிருங்கள் என்கிறாரே, அதையும் வாசியுங்கள்.

இன்னொன்று, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தேவபயம் என்ற வார்த்தையைப் பூட்டாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் கட்டட நிதிக் கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். கேட்டது கணக்கு. கிடைத்த பதில், "உனக்கு தேவபயமே இல்லை, அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே." கணக்கு கேட்டால் போதகரைத் தொட்டதாக ஆகிவிடுமா? யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு அவர்கள் கீழ்ப்படியவில்லை. காரணமாக எழுதியிருப்பது, தேவனுக்குப் பயந்தார்கள் என்பதுதான். அந்த அதிகாரத்தில் பிரசங்கம் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. சரி, விடுங்கள், இது தனிப் புலம்பல்.

பெரியம்மாவுக்கு இன்னும் நான்தான் வாசிக்கிறேன். தேதி, முகவரி, அடிக்குறிப்பு, பக்க எண் எதையும் விடுவதில்லை. "பக்க நம்பரெல்லாம் எதுக்குடா, மேல வாசி" என்று அலுத்துக்கொள்வார்.