பாறைக் கரையில் மரத்தூண்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஏற்காடு): காபித் தோட்டத்துக் குளத்தில் சிறு மரமேடை போட விரும்புகிறோம். இரண்டடி தோண்டினாலே பாறை தட்டுகிறது. தூணை அடித்து இறக்கலாமா ஐயா?

பதில்: கூடாது. சேர்வராயன் மலைப் பாறை சார்னோக்கைட் எனும் மிகக் கடினமான கருங்கல் வகை; அடிக்க அடிக்கத் தூணின் நுனிதான் நார் நாராகப் பிரியும். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்கிறேன்: தட்டுவது பாறைதானா? இந்த மலையில் பாறை வெளியிலிருந்து உள்ளாகச் சிதைந்து, செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்களாகத் தங்கிவிடுகிறது. வண்டி அளவு கல்லைத் தாய்ப்பாறை என்று நம்பித் தூணை நிறுத்தினால், ஒரு பெருமழையில் மண் இளகிக் கல்லோடு மேடையும் சாயும். நாலைந்து இடங்களில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். ஓரிடத்திலாவது ஐந்தடி ஆழம்வரை துளைத்து, இடையில் மண் வராததை உறுதி செய்யுங்கள். இதில் அவசரமே வேண்டாம்.

கேள்வி (அதே அன்பர்): பாறைதான் என்றால்?

பதில்: கோடையில் நீர் வற்றியதும் வேலையைத் தொடங்குங்கள். பாறையில் துளையிட்டு, இரும்புக் கம்பியைப் பசையால் ஒட்டி நிறுத்த வேண்டும்: துத்தநாகம் பூசிய 20 மி.மீ. கம்பிக்கு 25 மி.மீ. துளை, 30 செ.மீ. ஆழம். துளையிலுள்ள தூளைத் தூரிகையால் தேய்த்து, காற்றடித்து முழுக்க வெளியேற்றுங்கள். தூள் தங்கினால் பசை தூளைத்தான் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. ஈரத்துளைக்கு உகந்த எபாக்ஸிப் பசை என்று கேட்டு வாங்குங்கள். கம்பியின் மேல் தூணின் அடியைத் தாங்கும் இரும்புக் காலணி, அதில் தூண். ஒற்றைக் கம்பி தூணைச் சாயாமல் நிறுத்தாது. தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டங்கள் கட்டாயம் வேண்டும்.

கேள்வி (சேலம்): குழியில் தூணை நிறுத்திச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினால் போதும் என்கிறார் கொத்தனார்.

பதில்: நானும் ஒருமுறை அப்படிச் செய்து வருந்தினேன். மரம் காயும்போது சுருங்குகிறது. அந்த இடுக்கில் இறங்கும் நீர் வெளியேறாது. மேலே பார்க்கத் தூண் நன்றாக இருக்கும், உள்ளே உளுத்துப் போயிருக்கும். எப்போதும் நீருக்குள் மூழ்கிய பகுதி நெடுநாள் தாங்கும், பூஞ்சைக்கு அங்கே காற்றில்லை. நீர் ஏறி இறங்கும் இடம்தான் முதலில் போகும்.

கேள்வி (மேட்டூர்): நீர்த்தேக்கக் கரையில் இதே முறை சரிவருமா?

பதில்: அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கோடையில் நீர் இறங்கிக் கரை எங்கோ விலகிப் போய்விடும். அங்கே மிதவை மேடைதான் பொருந்தும், அதற்கும் நீர்வளத்துறையின் அனுமதி வேண்டும்.

கேள்வி (நாகலூர்): தோட்டத்தில் வெட்டிய சில்வர் ஓக் நிறைய இருக்கிறது. தூணாக்கலாமா?

பதில்: வேண்டாம். ஈரத்தில் விரைவில் மக்கும். வைரம் பாய்ந்த தேக்கோ வேங்கையோ வாங்குங்கள், வைரத்தைச் சுற்றியுள்ள வெளிப்புற வெள்ளை மரத்தைச் செதுக்கிவிட்டு. சில்வர் ஓக்கை வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.