பணியிடச் சமத்துவப் பயிற்சி முடிந்ததும் கருத்துப் படிவம் எதற்கு?

பயிற்சியில் எது மனதில் தங்கியது, எது புரியவில்லை என்று வந்தவர்களே எழுதித் தருவதுதான் பயிற்சிக் கருத்து. சோறு வடிக்குமுன் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதில்லையா, அதுபோல.

கேரளத்தின் கஞ்சிக்கோடு மாதிரி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஒரே ஷிப்டில் தமிழ், மலையாளம், இந்தி மூன்றும் கேட்கும். ஒரே மொழியில் வகுப்பெடுத்தால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘பயிற்சி நன்றாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘ஆம்’ என்றே டிக் போடுவார்கள். அதனால் பயனே இல்லை. ‘பாலியல் துன்புறுத்தல் புகாரை யாரிடம், எத்தனை மாதத்துக்குள் தரவேண்டும்?’ என்று கேளுங்கள். படிவம் அவரவர் மொழியில், பெயர் கேட்காமல் இருக்கட்டும். சூப்பர்வைசர் கையில் வாங்கினால் உண்மை வராது. பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி கேட்பது அவசியம்.

படிவத்தில் எழுதினாலே புகார் பதிவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள், இந்தப் புகார்களை விசாரிக்க நிறுவனத்தில் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் தரவேண்டும்.