கல்லூரிப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆக்கிவிட்டார்கள், இனி?

கேள்வி: கடலூரில் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியின் நான்கு பக்க மாதப் பத்திரிகைக்கு இந்த வருடம் என்னை ஆசிரியராகப் போட்டிருக்கிறார்கள். குழுவில் 14 பேர். யாரும் சொன்ன தேதிக்குக் கட்டுரை தருவதில்லை. வருவதில் பாதி கவிதை, மீதி விழாச் செய்தி. திருத்தினால் நண்பர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அச்சுக்குப் போகும் நேரத்தில் கல்லூரி முதல்வர் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரையை எடுக்கச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது சார்?

பதில்: இத்தனை தொல்லைக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கட்டுரை கைக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. நாளிதழில் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் நான். நிருபர் கிளம்புவதற்கு முன்னால் அவரோடு பத்து நிமிடம் பேசிவிட்டால் பாதித் திருத்தம் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் பேனா வேண்டும்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு பக்கம் என்றால் ஒரு ஏ3 தாளை இருபுறமும் அச்சடித்து நடுவில் மடித்தது. தலைப்பு, படம், கொஞ்சம் வெள்ளை இடம் எல்லாம் போக ஒரு பக்கத்தில் சுமார் 350 சொல்தான் நெருக்கடி இல்லாமல் நிற்கும். மொத்தம் 1,400. உங்கள் 14 பேரும் ஆளுக்கு 400 சொல் எழுதினால் 5,600. எழுதியதில் முக்கால்வாசி வெளியே வராது என்று தெரிந்தால் யார்தான் நேரத்துக்குத் தருவார்கள்? ஓர் இதழுக்கு ஐந்து பேர் எழுதட்டும். மற்றவர்கள் படம், தகவல் சரிபார்ப்பு, மெய்ப்பு (அச்சுப் பிழை பார்ப்பது), விநியோகம் என்று பிரித்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் ஆளை மாற்றுங்கள்.

எழுதப் போகிறவரிடம் தலைப்பைக் கொடுக்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள். ‘பேருந்துப் பிரச்சினை பற்றி எழுதேன்’ என்றால் பேருந்து நாட்டின் முதுகெலும்பு என்று தொடங்கும் ஒரு பள்ளிக்கூடக் கட்டுரை வரும். ‘நெல்லிக்குப்பத்தில் காலை 8 மணிக்கு நிற்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு முதல் வகுப்பு தவறிப்போகிறது? எந்தப் பேருந்து நிற்காமல் போகிறது? நடத்துநர் என்ன சொல்கிறார்?’ என்று கேட்டால் அவர் போய் நின்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு காலைப் பொழுது அங்கே நின்றவருக்கு எழுத வராமல் போகாது.

தேதி விஷயம். 25ஆம் தேதி கட்டுரை வேண்டும் என்றால் 15ஆம் தேதி என்று இன்னொரு தேதி வையுங்கள். அன்றைக்குக் கட்டுரை கேட்காதீர்கள். யார் யாரிடம் பேசினாய், கையில் என்ன எண் இருக்கிறது, இவ்வளவுதான் கேட்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு செய்தி தேட இன்னும் பத்து நாள் கையில் இருக்கும். டெட்லைன் அன்று காலையில் கோபப்பட்டு ஒரு பயனும் இல்லை, நான் பட்டுப் பார்த்திருக்கிறேன்.

விழாச் செய்தியை வெறுக்காதீர்கள். அதற்குள்தான் உங்கள் முதல் பக்கம் ஒளிந்திருக்கும். வழக்கமாக இப்படி எழுதி வரும்: “கடந்த 12ஆம் தேதி காலை 10 மணியளவில் நமது கல்லூரிக் கலையரங்கில் முதல்வர் அவர்கள் தலைமையில் ரத்ததான முகாம் இனிதே நடைபெற்றது.” இதில் அந்த முகாமில் இல்லாத ஒருவருக்குப் படிக்க என்ன இருக்கிறது? எழுதியவரைத் திரும்ப அனுப்பி, வந்தவர் எத்தனை, கொடுத்தவர் எத்தனை என்று கேட்டு வரச் சொல்லுங்கள். 60 பேர் வந்து 20 பேரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏன்? 18 வயது நிரம்பாதவர் கொடுக்க முடியாது. 45 கிலோவுக்குக் குறைந்தாலும் முடியாது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் கீழே இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். அந்த 20 பேரில் 15 பேர் ஹீமோகுளோபின் குறைந்த விடுதி மாணவிகள் என்றால், இப்போது உங்களிடம் இருப்பது விழாச் செய்தி இல்லை. விடுதிச் சாப்பாட்டைப் பற்றிய செய்தி. காலை உணவைத் தவிர்ப்பதைப் பற்றியதாகவும் இருக்கலாம். கல்லூரி மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ போய்க் கேட்டால்தான் தெரியும். ‘இனிதே’ என்ற சொல்லைப் பார்த்த இடத்திலெல்லாம் இப்படி ஒரு ‘எத்தனை’ கேளுங்கள்.

சரி, திருத்துவது. நண்பர் எழுதியதை வீட்டுக்கு எடுத்துப்போய் மாற்றிவிட்டு அச்சில் காட்டாதீர்கள். சண்டை வருவது அதனால்தான். பக்கத்தில் உட்காரவைத்து அவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியம் நீளம். அவரே தடுமாறுகிற இடத்தில் விஷயம் அவருக்கே தெளிவில்லை. நீங்கள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே பாதி நேரம் வராது. பெயர், ஆண்டு, எண் மூன்றையும் மட்டும் அவர் சொல்லை நம்பாமல் வேறு ஒருவர் சரிபார்க்கட்டும். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. வருடக் கடைசி என்பதால் 2012 என்று எழுதிவிடுவது சுலபம். கடலூர்க்காரர்களிடம் அந்தத் தவற்றோடு போய் நின்றால் மிச்சக் கட்டுரையை நம்ப மாட்டார்கள். நானே ஒருமுறை படக்குறிப்பில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் பெயரையும் இரண்டாம் பரிசுப் பிள்ளையின் பெயரையும் மாற்றிப் போட்டுவிட்டேன். மறுநாள் ஒரு அம்மா போன் செய்து பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

முதல்வரிடம் முடித்த பக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். மாதத் தொடக்கத்திலேயே, பத்திரிகையைக் கவனிக்கும் பேராசிரியரான பொறுப்பாசிரியரோடு போய் என்னென்ன செய்திகள், யாரிடம் பேசப்போகிறோம் என்று ஒரு தாளில் காட்டிவிடுங்கள். கடைசி நாளில் ‘எடு’ என்பதைவிட அன்றைக்கு ‘என்னிடமும் கேட்டு எழுது’ என்பது அவருக்கும் எளிது. அவர் பதிலையும் சேர்த்துப் போட்டால் கட்டுரைக்கும் பலம் கூடும். அப்படியும் எடுக்கச் சொன்னால் எந்த வரி, என்ன காரணம் என்று பணிவாகக் கேளுங்கள். காரணம் தகவல் பிழை என்றால் திருத்துங்கள். வெறும் சங்கடம் என்றால் பொறுப்பாசிரியரை உங்கள் பக்கம் பேசவையுங்கள்.

ஆனால் சில இடங்களில் அவர் சொல்வதற்கு முன்பே நீங்கள் நின்றுவிட வேண்டும். முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான், சட்டப்படி குழந்தைகள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. பாலியல் துன்புறுத்தல் பற்றி கல்லூரியின் உள்ளகக் குழுவுக்குப் போன புகாரில் என்ன இருந்தது என்பதையும் எழுதக் கூடாது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குழு இருக்கிறதா, அதன் உறுப்பினர்கள் பெயர் கல்லூரியில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று எழுதலாம், தாராளமாக எழுதுங்கள்.

அச்சகம் பற்றி ஒன்று. நீங்கள் போனில் யூனிகோடில் தட்டி அனுப்புவீர்கள். பல டிடிபி மையங்களில் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் போடுகிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறலாம், நடுவில் வருகிற ஆங்கில எழுத்து ஏதோ புரியாத தமிழாகிவிடும். ஆகவே போனில் மெய்ப்புப் பார்த்தது கணக்கில் வராது. பக்கம் போட்டபின் ஒரு தாளில் அச்செடுத்து வாங்கி மறுபடி பாருங்கள்.

கவிதை எழுதும் நண்பர்களை விட்டுவிடாதீர்கள். இதழுக்கு ஒரு கவிதை, 12 வரிக்குள், அது போதும். அப்புறம் அந்த மெய்ப்புத் தாளை அவர்களில் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். எதுகை தேடிப் பழகிய கண்ணுக்கு ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிக் கிடப்பது சீக்கிரம் தட்டுப்படும்.