ஏழு பேர் ஏறும் பழைய வண்டி: கேள்விகளும் பதில்களும்

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலர், ஊருக்குப் போய்வருவதற்காகப் பழைய ஏழு இருக்கை வண்டி வாங்குவதைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சேத அறிக்கை எழுதும் சர்வேயர் வேலையில் இருந்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

சுமதி, அல்சூர்: ஐயா, வணக்கம். மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகளையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். ஒரே விலைக்கு 2012 இன்னோவா ஒன்றும் 2019 எர்டிகா ஒன்றும் கிடைக்கின்றன. இன்னோவா கனமான வண்டி, இரும்பு போல நிற்கும் என்று என் கொழுந்தனார் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

வணக்கம் அம்மா. கெட்டுப்போன கிளட்சையும் தேய்ந்த சஸ்பென்ஷனையும் காசு கொடுத்து மாற்றிவிடலாம். தொழிற்சாலையிலேயே ஏர்பேக் வைக்காமல் வந்த வண்டிக்கு எவ்வளவு செலவழித்தாலும் பிறகு அதைப் பொருத்த முடியாது. ஆகையால் பாதுகாப்பை முதலில் முடிவு செய்துகொண்டு, நம்பகத்தன்மையை அதற்கடுத்தும் விலையைக் கடைசியிலும் பாருங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் 2019 ஒரு முக்கியமான எல்லைக்கோடு. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். (திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயமாயிற்று, ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியும் கட்டாயமாயின, முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனை விதிகள், 2017 அக்டோபரில் புதிய மாடல்களுக்கு மட்டும் வந்தவை, 2019 அக்டோபரில் எல்லா மாடல்களுக்கும் விரிந்தன. முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2022 தொடக்கத்தில்தான் எல்லா வண்டிகளுக்கும் கட்டாயமானது. இரண்டாம் தலைமுறை எர்டிகா 2018 நவம்பரில் வெளிவந்தது என்பதால், மோதல் விதிகளுக்கு உட்பட்டே வடிவமைக்கப்பட்ட வண்டி அது. 2012 இன்னோவாவின் கீழ் ரகங்கள் பலவற்றில் ஏர்பேக்கே கிடையாது.

உங்கள் கொழுந்தனார் சொல்லும் கனம் பொய்யில்லை. கனமான வண்டியும் இலேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினால், இலேசான வண்டியில் இருப்பவர்களுக்கே அடி அதிகம். ஆனால் சேலம் நெடுஞ்சாலையில் நாம் அஞ்ச வேண்டியது எதிரே வரும் சிறிய காரை அல்ல. இருட்டில் விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரியையும், பாலத்தின் தூணையும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பின்னால் வரும் சரக்கு வண்டியையும்தான். நகராத தூணில் மோதும்போது வண்டியின் கனம் உள்ளே இருப்பவரைக் காப்பதில்லை. முன்பகுதி நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்வதும், பயணிகள் இருக்கும் கூடு நசுங்காமல் நிற்பதும், பெல்ட்டும் ஏர்பேக்கும் உரிய நொடியில் வேலை செய்வதுமே காக்கின்றன. எனவே, கீழே சொல்லும் சோதனைகளில் தேறுமானால் எர்டிகாவையே எடுங்கள். அந்த இன்னோவா இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள மேல் ரகமாக இருந்தால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: ஆர்.சி.யில் பதிவான தேதியைப் பார்க்காமல், தயாரிக்கப்பட்ட மாதத்தைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் பதிவான வண்டி, விதி வருவதற்கு முன்பே தயாராகிக் கிடங்கில் நின்றதாகவும் இருக்கலாம்.

முரளி, ஒயிட்ஃபீல்டு: ஒரே எர்டிகாவுக்கு ஓர் இடத்தில் 3 நட்சத்திரம், இன்னோர் இடத்தில் 1 நட்சத்திரம் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

இரண்டும் உண்மையே, அளவுகோல்தான் வேறு. கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் அமைப்பு 2019இல் இரண்டாம் தலைமுறை எர்டிகாவுக்குப் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவுகளிலும் 3 நட்சத்திரம் கொடுத்தது. அப்போது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்தும் முன்பக்க மோதலே மதிப்பெண்ணுக்கு அடிப்படை. 2022இல் பக்கவாட்டு மோதல், மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு (வண்டி சறுக்கித் திரும்பாமல் காப்பது), பாதசாரிப் பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்து விதியைக் கடுமையாக்கினார்கள். அந்தப் புதிய விதியின்படி 2024இல், இந்தியாவில் தயாரித்து ஆப்பிரிக்கச் சந்தைக்கு அனுப்பிய எர்டிகாவைச் சோதித்தபோது பெரியவர்களுக்கு 1, குழந்தைகளுக்கு 2 என்று வந்தது. ஆகவே 2022க்கு முந்தைய மதிப்பெண்ணை அதே காலத்து மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்தப் பழைய விதியின்படி மஹிந்திரா மராஸோ 2018இல் பெரியவர்களுக்கு 4, குழந்தைகளுக்கு 2 வாங்கியது. ரெனோ ட்ரைபர் 2021இல் 4, 3 வாங்கியது. 2022 பிப்ரவரியில் வந்த கியா கேரன்ஸுக்கு அதே ஆண்டில் இரண்டிலும் 3 கிடைத்தது. ஆனால் அதன் எல்லா ரகங்களிலும் ஆறு ஏர்பேக், நிலைப்புக் கட்டுப்பாடு, நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உண்டு. இவ்வளவையும் அடிப்படை ரகத்திலேயே தரும் பழைய வண்டி இந்த விலைப் பிரிவில் அரிது என்பதால், பணம் எட்டுமானால் கேரன்ஸை நான் தயங்காமல் சொல்வேன்.

கல்பனா, ஜாலஹள்ளி: குழந்தைகள் கடைசி வரிசையில்தான் உட்காருவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். அது சரியா?

சிறு குழந்தைக்கு உரிய இடம் நடு வரிசை. அதிலும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் (குழந்தை இருக்கையைப் பொருத்தவே வண்டி இருக்கையில் வைத்த கொக்கி) மாட்டிய குழந்தை இருக்கை. எர்டிகா போன்ற வண்டிகளில் கடைசி வரிசைக்கும் பின்கதவுக்கும் இடையே இருக்கும் இடம் மிகக் குறைவு. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர்தான். பின்னால் லாரி இடித்தால் நசுங்குவதற்கு அந்த இடம் போதாது. வளர்ந்த பிள்ளையோ பெரியவரோ அங்கே உட்காரலாம். தலைச்சாய்மானத்தை உயர்த்தி, பெல்ட் போட்டிருக்க வேண்டும்.

தயவுசெய்து கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காராதீர்கள். விரியும் ஏர்பேக்கே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். வண்டி பார்க்கப் போகும்போது ஏழு பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக முழுநீளத்துக்கு இழுத்து, வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா, விட்டால் தானே சுருள்கிறதா என்று பாருங்கள். பின் இருக்கை பெல்ட்டுகளைச் சீட் கவருக்கு அடியில் புதைத்துவிட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பரில் மும்பை – அகமதாபாத் நெடுஞ்சாலையில் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், பின் இருக்கையில் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. அத்தனை விலையுயர்ந்த வண்டியும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

பிரகாஷ், ஸ்ரீராமபுரம்: பெரிய விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பவர் "சின்னக் கீறல்தான்" என்கிறார்.

பம்பர், ஃபெண்டர், கதவு ஆகியவற்றில் டிங்கரிங் செய்திருந்தால் கவலை வேண்டாம். நம் ஊர் நெரிசலில் கீறல் இல்லாத வண்டியைத் தேடுவது வீண். நாம் தேட வேண்டியது கூடு அடிபட்டதா என்பதைத்தான்.

காலை வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியைப் பாருங்கள். பானெட்டைத் திறந்தால் இருபுறமும் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஏப்ரன் தகட்டில் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் சீரான இடைவெளியில் வரிசையாக இருக்கும். அவை ஒருபுறம் தெளிவாகவும் மறுபுறம் மழுங்கியும் இருந்தால் அந்தப் பக்கம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கதவுகளின் ரப்பர் பீடிங்கை மெல்ல உரித்து, பில்லர்களின் (கூரையைத் தாங்கும் தூண்களின்) ஓரத்தையும் அப்படியே பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடித்தளத்தைத் தடவிப் பார்த்தால், பின்னாலிருந்து இடிபட்ட சுருக்கம் விரலுக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமானது ஏர்பேக். சாவியைத் திருப்பியதும் எஸ்.ஆர்.எஸ். என்ற ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறு. எரியவே இல்லை என்றாலும் கோளாறு. ஒருமுறை விரிந்த ஏர்பேக்கைப் புதிதாக மாற்றச் செலவு அதிகம் என்பதால், மூடியை மட்டும் ஒட்டிவிட்டு, விளக்கின் இணைப்பை வேறொரு விளக்கோடு சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எஸ்.ஆர்.எஸ். விளக்கு தனியாக அணைகிறதா, ஆயில் விளக்கோடு சேர்ந்தே அணைகிறதா என்று கவனியுங்கள். டேஷ்போர்டின் பயணி பக்க மூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போக வேண்டும். இறுதியாக, கம்பெனி சர்வீஸ் மையத்தில் ஸ்கேனர் போட்டு ஏர்பேக் அமைப்பின் பிழைக் குறிப்புகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்கு அஞ்சி இதைத் தவிர்க்காதீர்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், வேறு எதுவும் கேட்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

நசீமா, பெல்லந்தூர்: 2022 வெள்ளத்தில் எங்கள் பகுதியில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அவை இன்னும் சந்தையில் இருக்குமா?

இருக்கும். அவுட்டர் ரிங் ரோடு, சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் மூழ்கியவையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மூழ்கியவையும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பெல்ட்டை அடிவரை இழுத்தால் மண் கறை தெரியும். இருக்கைகளைத் தாங்கும் தண்டவாளத்திலும் திருகுகளிலும் துரு இருக்கும். தரைவிரிப்புக்கு அடியில் மக்கிய வாடை வரும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் கியருக்கு அருகே தரைமட்டத்தில் இருப்பதால், நீரில் நின்ற வண்டியை எந்த விலைக்கும் குடும்பத்துக்காக வாங்கக் கூடாது.

ஜெயராமன், விவேக் நகர்: டெல்லிப் பதிவுள்ள எட்டு வருட டீசல் இன்னோவா கிரிஸ்டா ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

தேசியத் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசலும் 15 ஆண்டு கடந்த பெட்ரோலும் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்ததிலிருந்து, அந்த வயதை நெருங்கும் வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. கர்நாடகத்தில் அந்த வயது வரம்பு இல்லை. வண்டி நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, ஆயுள் வரியும் கட்டினால் கணக்கு மாறிவிடும். வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அதை விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு என்று தோன்றியது பல சமயம் காணாமல் போகும்.

ஸ்டீபன், பி.டி.எம். லேஅவுட்: ஓட்டத்தைக் குறைத்துக் காட்டுகிறார்களே?

மீட்டரை விட்டுவிட்டு ரசீதுகளை நம்புங்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வீஸ் மையத்தில் பழைய வருகைகளின் கிலோமீட்டர் இருக்கும். மீட்டர் நாற்பதாயிரம் காட்டும்போது பிரேக் பெடலின் ரப்பர் வழவழப்பாகியிருந்தால் அது பொய். இன்னோவாவும் எர்டிகாவும் டாக்சியாக நிறைய ஓடியவை என்பதால், மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாறியதா என்பதை ஆர்.டி.ஓ. பதிவில் பாருங்கள்; டேஷ்போர்டில் ஜி.பி.எஸ். கருவியும் அவசரப் பொத்தானும் இருந்த துளைகளும் காட்டிக்கொடுக்கும். மூன்று லட்சம் ஓடியது என்று உண்மையைச் சொல்லி, பில்லோடு விற்கப்படும் இன்னோவா, ஓட்டம் மறைக்கப்பட்ட வண்டியைவிட மேல். பழைய இன்னோவா டீசலில் எஞ்சினின் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லை மட்டும் தவறாமல் கேளுங்கள்.

ரேவதி, எலக்ட்ரானிக் சிட்டி: தினமும் ஆறு கிலோமீட்டர்தான் ஓட்டம். டீசலா, பெட்ரோலா?

பெட்ரோல். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் மட்டுமே ஊர்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

தணிகாசலம், கே.ஆர். புரம்: விலை பேசி முடித்துவிட்டேன். இனி என்ன செய்ய வேண்டும்?

கடன் நிலுவை ஆர்.சி.யில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் சலுகை (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது.

பிறகு, கையில் மிஞ்சிய பணத்தை முதலில் டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டு கடந்திருந்தால், பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் கொதிநிலை குறைந்துபோகும். ஏழு பேரும் மூட்டையுமாகத் தொப்பூர் இறங்கும்போது பெடல் அமுங்கிப்போவது அதனால்தான். முன்பக்கத்தில் இரும்பு கிராஷ் கார்டு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், மோதலின் விசை ஏர்பேக் சென்சாருக்குச் சரியாகப் போய்ச்சேர வேண்டும். ஸ்டீரியோவும் சீட் கவரும் இவற்றுக்குப் பிறகுதான். அதிலும் இருக்கையின் விலாவில் ஏர்பேக் பொதிந்த ரகமென்றால், அந்த இடத்தில் பிரிந்து வழிவிடும்படி தைத்த கவரை மட்டுமே போடுங்கள்.